கன உலோகம் படிந்த நிலத்தில் நறுமணப் பயிர்: பாலாற்றுப் படுகையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகை நெடுகிலும் தோல் பதனிடும் தொழில் பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. அதன் கழிவுநீர் வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது தொடர்பான பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பே மண்ணில் இறங்கிவிட்ட குரோமியமும் உப்பும் எந்தத் தீர்ப்புக்கும் கட்டுப்படுபவை அல்ல. அத்தகைய நிலத்தை வைத்திருப்பவர், காய்கறியும் கீரையும் போட அஞ்சி, தரிசாக விடவும் மனமின்றி இருக்கும்போது, எலுமிச்சைப்புல், அதன் இனத்தைச் சேர்ந்த பாமரோசா என்னும் வாசனைப் புல், வெட்டிவேர் போன்ற நறுமணப் பயிர்கள் ஒரு நியாயமான வழியாக முன்வைக்கப்படுகின்றன.

அதற்குக் காரணம் எளிமையானது. குரோமியம், காட்மியம், ஈயம் ஆகியவை நீராவியோடு ஆவியாகி மேலேறுவதில்லை. எனவே செடியில் உலோகம் இருந்தாலும், நீராவியில் வடித்த எண்ணெயில் அது ஏறக்குறைய வருவதே இல்லை. பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகருக்கு அருகே, ஓர் உலோக உருக்காலையைச் சுற்றியுள்ள வயல்களில் புதினாவையும் லாவெண்டரையும் வளர்த்து 1990-களில் செய்யப்பட்ட ஆய்வுகள் இதையே காட்டின: ஆலைக்கு நெருங்கிய வயல்களில் விளைச்சல் குறைந்தது, ஆனால் எண்ணெய் மாசுபடவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். செடி உலோகத்தைத் தாங்கி வளர்வது ஒன்று. அந்தச் செடி மனிதர் உண்ணத் தகுந்ததாக இருப்பது முற்றிலும் வேறொன்று. செடியின் தாங்கும் திறனைக் கூட்டும் சில முறைகள், செடி செழித்து நின்றபடியே இலையில் அதிக உலோகத்தைச் சேர்த்து வைக்கவும் வழி செய்யக்கூடும். ஆகவே கீழே சொல்லப்படுவன அனைத்தும் எண்ணெய்க்காக மட்டும் வளர்க்கப்படும் பயிருக்கானவை. கொத்தமல்லி, சமையல் புதினா, மருந்துக்கான துளசி ஆகியவற்றை இத்தகைய நிலத்தில் எவ்வளவு நன்றாக வளர்க்க முடிந்தாலும் வளர்க்கக் கூடாது.

முதற்படி: மண்ணையும் நீரையும் முறையாகச் சோதித்தல்

கண்ணால் பார்த்தோ, பக்கத்து வயலின் அறிக்கையை வைத்தோ முடிவெடுக்கக் கூடாது. கழிவுநீர் ஓடிய வாய்க்காலை ஒட்டிய பகுதி ஒரு விதமாகவும், அதே வயலின் மேட்டுப் பகுதி வேறு விதமாகவும் இருப்பதே வழக்கம். எனவே நிலத்தை அதன் வரலாற்றைப் பொறுத்துப் பகுதிகளாகப் பிரித்து, எங்கே கழிவுநீர் பாய்ந்தது, எங்கே கசடு கொட்டப்பட்டது, எந்தக் கிணற்று நீர் எந்தப் பாத்திக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொண்டு, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும்.

ஒரு பகுதியில் 10 முதல் 15 இடங்களில் மேற்பரப்புச் சருகுகளை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, அதன் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். மேல் 15 செ.மீ. மண் ஒரு மாதிரியாகவும், 15 முதல் 30 செ.மீ. வரையிலான மண் இன்னொரு மாதிரியாகவும் இருக்கட்டும்; வெட்டிவேர் போடுவதாக இருந்தால் அதற்கும் கீழே ஓர் அடுக்கு தேவைப்படும். குழி வெட்ட மண்வெட்டி பயன்படலாம். ஆனால் மாதிரியைச் சுரண்டும்போது மூங்கில் பட்டையோ பிளாஸ்டிக் கரண்டியோதான் மண்ணைத் தொட வேண்டும். பளபளப்பான முலாம் பூசிய கரண்டியிலும் துத்தநாகம் பூசிய வாளியிலும் நாம் தேடும் உலோகங்களே இருப்பதால், அவை அறிக்கையைப் பொய்யாக்கிவிடும். சேர்த்த மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கும் முறையில் அரை கிலோவாகக் குறைத்து, பையில் இட்டு, உள்ளேயும் வெளியேயும் குறிப்புச் சீட்டு வைக்க வேண்டும்.

குரோமியத்தின் இரு வடிவங்களில் நீரில் கரைந்து ஓடக்கூடியதான அறுமதிப்புக் குரோமியத்துக்கான மாதிரிக்கு மட்டும் ஒரு தனிக் கவனம் தேவை. வழக்கமான மண் மாதிரியை நிழலில் உலர்த்தி அனுப்புவோம். இதை உலர்த்தாமல், ஈரம் மாறாமல், பனிக்கட்டிப் பெட்டியில் குளிர்ச்சியாக வைத்து விரைவாக ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். உலரும்போதும் மீண்டும் நனையும்போதும் குரோமியம் ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறக்கூடியது. மாதிரி எடுக்கும் நாளில் காற்று பலமாக இருந்தால் தூசியைத் தவிர்க்க மண்ணைச் சற்று நனைத்துவிட்டு வெட்டுவதும், முகக்கவசமும் கையுறையும் அணிவதும் அவசியம். அறுமதிப்புக் குரோமியத் தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது.

கிணற்று நீரையும், ஆழ்துளைக் கிணற்று நீரையும் கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை சோதிக்க வேண்டும். உலக உணவு வேளாண் அமைப்பு பாசன நீருக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு லிட்டருக்குக் குரோமியம் 0.1 மி.கி., காட்மியம் 0.01 மி.கி., ஆர்செனிக் 0.1 மி.கி. ஆகும். நீரின் அளவு இதைத் தாண்டினால், மண்ணில் செய்யும் எல்லாச் சீரமைப்பும் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகவே முடியும். முதலில் மாற்று நீருக்கு வழி காண வேண்டும்.

இரண்டாம் படி: அறிக்கையைப் படித்தல்

மொத்த அளவு என்று ஓர் எண், செடிக்குக் கிடைக்கும் அளவு என்று ஓர் எண் என இரண்டும் அறிக்கையில் இருக்க வேண்டும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் பாறையிலேயே குரோமைட் தாது இருக்கிறது. அந்தப் பாறை உதிர்ந்த மண்ணில் மொத்தக் குரோமியம் இயல்பாகவே மிகுதி, ஆனால் அதில் பெரும்பங்கு தாதுவுக்குள் பூட்டப்பட்டிருக்கும். மொத்த எண்ணை மட்டும் பார்த்து அஞ்சுவதும், அதை மட்டும் பார்த்து அமைதி அடைவதும் ஒரே அளவுக்குத் தவறானவை. துத்தநாகம், செம்பு, காட்மியம், ஈயம், நிக்கல் ஆகியவற்றில் செடிக்குக் கிடைக்கும் பங்கை மண் ஆய்வகங்கள், உலோகத்தைப் பற்றி இழுக்கும் டி.டி.பி.ஏ. என்னும் வேதிக் கரைசல் கொண்டு அளக்கின்றன. குரோமியத்துக்கு அந்த அளவீடு போதாது.

குரோமியம் மண்ணில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியச் சல்பேட் மும்மதிப்பு வடிவம். அது மண் துகள்களில் இறுகப் பற்றிக்கொண்டு எளிதில் நகராது. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் (அறுமதிப்புக் குரோமிய உப்பு) ஆலை விட்டுச்சென்ற, இரண்டு லட்சம் டன்னுக்கும் மிகுந்ததாகக் கணக்கிடப்படும் கழிவுக் குவியலில் இருப்பது போன்ற அறுமதிப்பு வடிவம் நீரில் கரைந்து, நிலத்தடி நீரோடு ஓடி, செடியின் வேருக்குள் சல்பேட் நுழையும் அதே வாசல் வழியாக நுழைந்துவிடும். ஆகவே “தோல் ஆலைக் கழிவு பாய்ந்த நிலம்” என்பதும் “குரோமேட் கழிவு கசிந்த நிலம்” என்பதும் ஒரே ஊரில் இருந்தாலும் ஒரே நோய் அல்ல. ஆய்வகத்தில் டைபினைல் கார்பசைடு என்னும் வினைப்பொருளை அமிலத்தோடு சேர்க்கும்போது மண்ணிலிருந்து எடுத்த சாறு இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக மாறினால் அறுமதிப்பு வடிவம் இருக்கிறது என்று பொருள். நிறத்தின் அடர்த்தியே அளவைச் சொல்லும். அறிக்கையில் இந்த அளவு தனியாகக் குறிக்கப்படவில்லை என்றால், கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றோடு மண்ணின் கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன், மண் துகள்களில் ஒட்டி நிற்கும் மாற்றீட்டுச் சோடியம், அங்ககக் கரிமம் ஆகிய நான்கும் வேண்டும். பாலாற்றுப் படுகையில் பயிர் வாடுவதற்கு உலோகத்தைவிட உப்பே முதற்காரணமாக இருக்கும் வயல்கள் பல. தோலைப் பதப்படுத்தி வைக்க இடும் உப்பு, கழிவுநீரோடு வயலுக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாம் படி: எந்தப் பயிர், எந்தப் பாகம்

செடி பெரும்பாலான குரோமியத்தையும் ஈயத்தையும் வேரிலேயே தேக்கிக்கொள்ளும். காட்மியம் அப்படியன்று, அது இலைக்கும் ஏறும். இந்த ஓர் உண்மையை வைத்துப் பயிரைத் தேர்ந்தெடுக்கலாம்.

எலுமிச்சைப்புல்லும் பாமரோசாவும் இலைக்காகவும் பூங்கதிருக்காகவும் அறுக்கப்படுபவை. வேர் மண்ணிலேயே தங்கிவிடும். ஒரு முறை நட்டால் நான்கைந்து ஆண்டுகள் அறுக்கலாம் என்பதால், ஆண்டுதோறும் உழுது தூசியைக் கிளப்ப வேண்டியதில்லை. பாமரோசா களர் தன்மையையும் நன்கு தாங்கும். ஆகவே உப்பும் உலோகமும் சேர்ந்திருக்கும் நிலத்துக்கு என் முதல் தேர்வு அதுவே. வடிகால் நன்றாக உள்ள, உப்பு மிதமான நிலத்துக்கு எலுமிச்சைப்புல் ஏற்றது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ நறுமணத் தாவர நிறுவனம் வெளியிட்ட கிருஷ்ணா, கேரளத்து ஓடக்காலி ஆராய்ச்சி நிலையத்தின் சுகந்தி ஆகிய இரகங்கள் தென்னிந்தியாவில் பரவலாகக் கிடைக்கின்றன.

வெட்டிவேரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் புகழே இங்கு ஆபத்தாகிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சுரங்கக் கழிவு மண்ணில் நடந்த சோதனைகளில், கிலோ மண்ணுக்கு 200 முதல் 600 மி.கி. வரையிலான குரோமியத்தையும், 1500 மி.கி.யைத் தாண்டிய ஈயத்தையும் வெட்டிவேர் தாங்கி வளர்ந்தது. தாங்கும் திறனில் அதற்கு நிகரான நறுமணப் பயிர் இல்லை. ஆனால் அது உலோகத்தைத் தேக்கி வைக்கும் இடமும் வேர்தான், நாம் விற்கும் பாகமும் வேர்தான். நம் வீடுகளில் அந்த வேரைப் பானைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குடிக்கிறோம், குளியல் பொடியில் அரைத்துச் சேர்க்கிறோம், கோயிலில் மாலையாகக் கட்டுகிறோம். கடலூர்க் கடற்கரை மணலில் விளையும் நல்ல வேரோடு ராணிப்பேட்டைக் கழிவு நிலத்தில் விளைந்த வேர் கலந்து நாட்டு மருந்துக் கடைக்குப் போனால், அதைப் பிரித்தறிய வாங்குபவருக்கு வழியே இல்லை. ஆகவே மாசுபட்ட நிலத்து வெட்டிவேரை வேராக விற்கக் கூடாது. எண்ணெய் வடிப்பவரோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டவர் மட்டுமே அதைப் பயிரிடலாம். மற்றவர்கள் வயலின் ஓரத்திலும், கழிவு வாய்க்காலின் கரையிலும், அறுவடை செய்யாத வேலியாக அதை நட்டு, மண் அரித்து அடுத்த வயலுக்குப் போகாமல் தடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

துளசியும் மரிக்கொழுந்தும் எண்ணெய்க்காக வளர்க்கக்கூடியவையே. இருப்பினும் மாலைக்கும் மருந்துக்கும் போகும் சந்தை பக்கத்திலேயே இருப்பதால், விலை நன்றாக இருக்கும் ஒரு நாளில் இலை கைமாறிவிடும். அந்தச் சபலத்துக்கு இடம் தராத பயிரே நல்லது. ஆயுர்வேத மூலப்பொருளுக்கு இந்திய மருந்து நூல் விதிக்கும் உச்ச அளவுகள் ஈயம் 10, காட்மியம் 0.3, ஆர்செனிக் 3, பாதரசம் 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆகும், இந்த நால்வர் பட்டியலில் குரோமியம் இல்லை என்பதால், அந்தச் சோதனையில் தேறிய இலை குரோமியம் அற்றது என்று கொள்ளவும் முடியாது.

நான்காம் படி: மண்ணைத் திருத்துதல்

கன உலோகம் என்றவுடன் சுண்ணாம்பு இடச் சொல்லும் பழக்கம் உண்டு. காட்மியத்துக்கும் ஈயத்துக்கும், அமில மண்ணில், அது சரியான அறிவுரை. குரோமேட்டுக்கு அது நேர்மாறாக வேலை செய்யும்: மண்ணின் காரத்தன்மை கூடக் கூட, அறுமதிப்புக் குரோமியம் துகள்களின் பிடியிலிருந்து விடுபட்டு நீரில் மிதக்கும். பாலாற்றுப் படுகையின் மண் பெரும்பாலும் ஏற்கெனவே காரத்தன்மை உடையது. அங்கே சுண்ணாம்பு இடுவது இரட்டைத் தவறு.

முதலில் உப்பைக் கவனிக்க வேண்டும். மாற்றீட்டுச் சோடியம் மிகுந்த நிலத்தில், ஆய்வகம் கணக்கிட்டுத் தரும் அளவு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி, வடிகால் வழியே சோடியத்தை வெளியேற்ற வேண்டும். வெளியேறும் நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் குரோமேட்டும் கரைந்து போகும்; அறுமதிப்பு அளவு மிகுந்த வயலில் அதை மும்மதிப்பாக மாற்றிய பிறகே இந்தக் கழுவுதலைத் தொடங்க வேண்டும். ஜிப்சத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அதிலுள்ள சல்பேட், வேர் வாசலில் குரோமேட்டோடு போட்டியிட்டு அது உள்ளே நுழைவதைக் குறைக்கும். உள்ளே போன கந்தகம், உலோகத்தைக் கட்டிப்போடும் குளுட்டத்தயோன் என்னும் பொருளைச் செடி ஆக்கிக்கொள்ள உதவும்.

அடுத்தது அங்ககப் பொருள். அறுமதிப்புக் குரோமியம் மும்மதிப்பாக மாற அதற்கு எலக்ட்ரான் தேவை. அதை மண்ணில் மிக மலிவாகக் கொடுப்பது மட்கும் அங்ககப் பொருளே. ஏக்கருக்கு 5 டன் நன்கு மட்கிய தொழு உரம் அடிப்படை அளவு. சர்க்கரை ஆலைக் கசடான பிரஸ்மட் கிடைக்கும் இடத்தில் அதையும் மட்க வைத்துச் சேர்க்கலாம். நகரக் குப்பை உரத்தையும் கழிவுநீர்க் கசடையும் உலோகச் சோதனை அறிக்கை இல்லாமல் வயலுக்குள் கொண்டுவரக் கூடாது. சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எடுத்த கரித்தூள் காட்மியத்தையும் ஈயத்தையும் நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்றாலும், அதுவும் காரத்தன்மை உடையது. குரோமேட் நிலத்தில் அதைத் தனியே இடாமல், தொழு உரத்தோடு கலந்து சில வாரங்கள் ஊறவைத்து இட வேண்டும்.

அறுமதிப்பு அளவு மிகுதியாக இருந்தால் அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், பயன்படும். ஒரு கிராம் அறுமதிப்புக் குரோமியத்தை மாற்ற, வேதியியல் கணக்குப்படி சுமார் 16 கிராம் அன்னபேதி தேவை. ஓர் ஏக்கரின் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 900 டன் எடை கொண்டது. அதில் கிலோவுக்கு 5 மி.கி. அறுமதிப்புக் குரோமியம் இருந்தால் மொத்தம் நாலரை கிலோ, அதற்கு 72 கிலோ அன்னபேதி வேண்டும். சுண்ணாம்புத் தன்மை உள்ள மண்ணில் அன்னபேதியின் ஒரு பங்கு காற்றோடு வினைபுரிந்து வீணாகும் என்பதால், உண்மைத் தேவை இதற்கு மேல்தான் இருக்கும். எனவே முதலில் வாளியளவு மண்ணில் வெவ்வேறு அளவுகளில் கலந்து, ஈரத்தோடு இரண்டு வாரம் வைத்து, மீண்டும் ஊதா நிறச் சோதனை செய்து, நிறம் எழாத குறைந்த அளவைக் கண்டறிந்த பிறகே வயலுக்குப் போக வேண்டும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு மிகுந்திருந்தால் மும்மதிப்பு வடிவத்தில் ஒரு சிறு பங்கு மீண்டும் அறுமதிப்பாக மாறக்கூடும். அதனால் இந்தத் திருத்தம் ஒரே தடவையோடு முடிவதன்று, அங்ககப் பொருளை ஆண்டுதோறும் தொடர்ந்து இட வேண்டும்.

பிற உலோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காட்மியம் உள்ள நிலத்தில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாகச் சல்பேட் இடுவது, வேர் வாசலில் காட்மியத்துக்குப் போட்டியாக அமையும். பொட்டாஷைக் குளோரைடாக இடாமல் சல்பேட்டாக இட வேண்டும், ஏனென்றால் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை மண் கரைசலில் நடமாட விடும். ஈயத்தைப் பாஸ்பேட் இறுக்கிக் கட்டும். அதே பாஸ்பேட், ஆர்செனிக் உள்ள நிலத்தில் ஆர்செனிக்கை மண்ணின் பிடியிலிருந்து தள்ளி வெளியே விடும். நீர் தேங்கினாலும் ஆர்செனிக் கரையும். இரண்டு உலோகங்கள் சேர்ந்திருக்கும் நிலத்தில் இத்தகைய முரண்பாடுகள் எழும்போது, எண்ணில் வரம்பை மிக அதிகம் தாண்டிய உலோகம் எதுவோ அதற்குத் தக்கபடி நடந்துகொண்டு, மற்றதற்கு அங்ககப் பொருளை மட்டும் நம்புவதே பாதுகாப்பானது.

ஐந்தாம் படி: சுத்தமான நாற்றங்காலும் வேர்ப் பூசணமும்

செடி மிகவும் நொய்ந்திருக்கும் பருவம், நட்ட முதல் நான்கு வாரங்கள். அப்போது வேரின் நுனி நேராக மாசுபட்ட மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வெற்றி. ஆகவே நாற்றங்காலை வேறு இடத்து நல்ல மண்ணில் அமைக்க வேண்டும். எலுமிச்சைப்புல்லின் தூர்களைப் பிரித்து, பழைய வேர்களையும் காய்ந்த உறைகளையும் நீக்கி, மண்ணும் தொழு உரமும் நிரப்பிய சிறு பாலித்தீன் பைகளில் வைத்து வேர் பிடிக்கவிடுவது, நேரடி நடவைவிடச் செலவானது என்றாலும் இத்தகைய நிலத்தில் அந்தச் செலவு தகும்.

விவசாயிகள் ‘வேம்’ என்று அழைக்கும் வேர் உட்பூசணத்தைச் சேர்க்க ஏற்ற இடம் இந்த நாற்றங்காலே. விதைப் பாத்தி என்றால் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தில் பரவலாக, பை என்றால் பைக்கு 5 முதல் 10 கிராம், வேரைத் தொடும்படி. இந்தப் பூசணத்தின் இழைகள் வேருக்கு வெளியே நீண்டு பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் கொண்டுவரும். அதே இழைகளின் சுவரும், அவை மண்ணில் விடும் பசை போன்ற புரதமும் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் உரம் மிகுந்தால் பூசணம் வேரில் குடியேறாது. எனவே நாற்றங்காலில் அந்த உரத்தைத் தவிர்க்க வேண்டும், பூசணக்கொல்லி மருந்தையும் ஊற்றக் கூடாது. நடவின்போது அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய நுண்ணுயிர் உரங்களைத் தொழு உரத்தில் கலந்து குழியில் இடலாம்.

ஆறாம் படி: நடவும் நீரும்

முழு நிலத்திலும் ஒரே நேரத்தில் இறங்காமல், முதலில் பத்து சென்ட் அளவில் நட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் ஓரிரு பார்களை எந்தத் திருத்தமும் இன்றி விட்டுவைத்தால்தான், பயிர் பிழைத்தது நம் செய்கையாலா, அந்த ஆண்டு மழையாலா என்று பிரித்தறிய முடியும்.

பார் அமைத்து, 60 செ.மீ. இடைவெளியில் குழி எடுத்து, குழிக்கு இரண்டு கை மட்கிய தொழு உரம் இட்டு, பையின் மண் உடையாமல் நட வேண்டும். சொட்டுநீர் இருந்தால் மிக நல்லது: சோதித்துத் தேறிய நீரைக் குறைந்த அளவில் கொடுக்கலாம், இலையில் மண் தெறிக்காது, வேர்ப் பகுதியில் ஈரம் ஒரே சீராக நிற்கும். மண் அடிக்கடி காய்ந்து வெடித்து மீண்டும் நனைவது குரோமியம் நிலத்தில் விரும்பத்தக்கதன்று. இடைவெளியில் வைக்கோல் மூடாக்கு இடுவது ஈரத்தைக் காப்பதோடு, வைக்கோலில் உள்ள சிலிக்காவையும் மெல்ல மண்ணுக்குக் கொடுக்கும்.

ஏழாம் படி: சத்தும் தெளிப்பும்

எலுமிச்சைப்புல், பாமரோசா, வெட்டிவேர் மூன்றும் புல்லினம். நெல்லைப் போலவே சிலிக்காவை விரும்பி எடுப்பவை. வேரின் உட்சுவரில் படியும் சிலிக்கா, உலோகம் தண்டுக்கு ஏறும் வழியை இறுக்குகிறது. உமிச் சாம்பல் இதற்கு எளிய மூலம், ஆனால் காரத்தன்மை மிகுந்த நிலத்தில் அதைக் குறைத்துக்கொண்டு, பொட்டாசியம் சிலிக்கேட்டை இலைவழித் தெளிப்பாக, பொட்டலத்தில் சொல்லியுள்ள அளவில் கொடுக்கலாம். அதை வேறு எந்த மருந்தோடும் கலக்கக் கூடாது. துளசி, புதினா போன்ற அகன்ற இலைச் செடிகளில் சிலிக்காவால் இந்த அளவுக்குப் பயன் கிடைக்காது.

சாலிசிலிக் அமிலத் தெளிப்பு ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படுவது. செடியின் நச்சு முறிக்கும் நொதிகளை அது முன்கூட்டியே தூண்டிவிடும். 10 லிட்டர் நீருக்கு ஒரு கிராம் என்பது நடைமுறையில் கையாளத்தக்க அளவு. நேராக நீரில் கரையாது என்பதால் சிறிது எரிசாராயத்தில் கரைத்துப் பிறகு நீரில் ஊற்றி, வெயில் தணிந்த மாலையில் தெளிக்க வேண்டும். நட்டு வேர் பிடித்த பின் ஒரு முறை, ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் புதுத் தளிர் வரும்போது ஒரு முறை போதும். அளவு மிஞ்சினால் இதுவே இலையைக் கருக்கிவிடும். என் கணிப்பில் இது கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு. மண்ணும் நீரும் சரியாகாத வயலில் எந்தத் தெளிப்பும் பயிரைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியாது.

இலை நரம்புகளுக்கிடையே வெளிறினால், அது பெரும்பாலும் உலோகம் தூண்டிய இரும்புச்சத்துக் குறைவே. ஒரு சத அன்னபேதிக் கரைசலில் 0.1 சத எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) சேர்த்துத் தெளித்தால் இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும். மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) கலந்த போர்டோக் கலவை என்னும் பூசணக்கொல்லியை இந்த நிலத்தில் தவிர்க்க வேண்டும். இன்னோர் உலோகத்தை நாமே சேர்ப்பதில் பொருளில்லை.

எட்டாம் படி: வேரைத் தோண்டிப் பார்த்தல்

இலையைவிட வேர் முன்னதாகச் செய்தி சொல்லும். மாதம் ஒரு தூரைப் பக்கவாட்டில் தோண்டி, வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். நலமான எலுமிச்சைப்புல் வேர் வெளிர் நிறத்தில், நுனி மெலிந்து, பக்க வேர்கள் நிறைந்திருக்கும். உலோகத்தின் பிடியில் உள்ள வேர் குட்டையாக, தடித்து, நுனி பழுப்பேறி, பக்க வேர் இன்றி மொட்டையாக இருக்கும். அத்தகைய வேர் தென்பட்டால், இலை பச்சையாக இருந்தாலும், அந்தப் பகுதியின் மண்ணில் மீண்டும் ஊதா நிறச் சோதனை செய்து, அங்ககப் பொருளைக் கூட்ட வேண்டும்.

ஒன்பதாம் படி: அறுவடை, வடிப்பு, கழிவு

எலுமிச்சைப்புல்லை நட்ட நான்கைந்து மாதத்தில் முதல் அறுப்பும், பிறகு 75 முதல் 90 நாள் இடைவெளியில் அடுத்தடுத்த அறுப்பும் செய்யலாம். வழக்கத்தைவிடச் சற்று உயர்த்தி, தரையிலிருந்து 15 செ.மீ. விட்டு அறுத்தால் மண் ஒட்டிய அடித்தாள் எண்ணெய் வடிக்கும் கொப்பரைக்குள் வராது. அறுத்த புல்லை வெறுந்தரையில் வாட விடாமல் தார்ப்பாயில் பரப்ப வேண்டும்.

கொப்பரையும் குளிர்விப்பானும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவையாக இருக்க வேண்டும். ஈயப்பற்று வைத்து ஒட்டிய பழைய செப்புக் குழாய், சுத்தமாக வந்திருக்கக்கூடிய எண்ணெயை அந்தக் கடைசி அடியில் கெடுத்துவிடும். நீரில் மூழ்க வைத்துக் கொதிக்கவிடும் முறையில் கலங்கல் பொங்கி எண்ணெயோடு கலக்க வாய்ப்புண்டு. தனிக் கொதிகலனிலிருந்து நீராவியைச் செலுத்தும் முறையே இங்கு ஏற்றது. கரைப்பான் கொண்டு சாறு எடுப்பவருக்கோ, காய்ந்த இலையைத் தேநீர்ப் பொடிக்காக வாங்குபவருக்கோ இந்தப் பயிரை விற்கக் கூடாது. முதல் ஆண்டில் எண்ணெய் மாதிரியை இரு சோதனைகளுக்கு அனுப்ப வேண்டும்: உலோக அளவுக்கு ஒன்று, எண்ணெயின் முக்கிய மணப்பொருளான சிட்ரால் (எலுமிச்சைப்புல்) அல்லது ஜெரானியால் (பாமரோசா) விகிதத்துக்கு ஒன்று. மிதமான நெருக்கடியில் எண்ணெய்ச் சதவீதம் கூடுவதும் உண்டு, ஆனால் புல்லின் எடை குறைந்திருக்கும். எனவே ஏக்கருக்கு எத்தனை கிலோ எண்ணெய் என்ற கணக்கையே பார்க்க வேண்டும்.

எண்ணெய்க்குள் வராத உலோகம் எல்லாம் வடித்த சக்கையில் இருக்கிறது. மற்ற இடங்களில் இந்தச் சக்கை மாட்டுத் தீவனம், மண்புழு உரம், காளான் படுக்கை, கொதிகலன் விறகு எனப் பல வழிகளில் போகும். இங்கே அவை எதுவும் ஆகாது. எரித்தால் சாம்பலில் உலோகம் செறிவதோடு, சாம்பலின் காரத்தன்மையில், காற்றோடு எரியும் சூட்டில், மும்மதிப்புக் குரோமியத்தின் ஒரு பங்கு மீண்டும் அறுமதிப்பாகிவிடும். அந்தச் சாம்பலைப் பாத்திரம் துலக்கவோ, வேறு வயலுக்கு உரமாகவோ எடுத்துச் செல்வது விஷத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதாகும். சக்கையை எந்த வயலில் அறுத்தோமோ அந்த வயலுக்கே மூடாக்காகத் திருப்பிப் பரப்புவதுதான் சரியான வழி: உலோகம் நிலத்தின் எல்லையைத் தாண்டாது, கரிமம் மண்ணுக்குத் திரும்பும். பல விவசாயிகள் சேர்ந்து ஒரே கொப்பரையைப் பயன்படுத்தும் ஊரில், மாசுபட்ட நிலத்துப் புல்லை ஒரு நாளின் கடைசி வடிப்பாக வைத்துக்கொண்டு, அதன் சக்கையைத் தனி வண்டியில் ஏற்றி அனுப்பி, கொப்பரையைக் கழுவிய நீரையும் அதே நிலத்தில் ஊற்றச் செய்வது, வடிப்பவருக்கும் நிலத்தவருக்கும் இடையே எழுத்தில் இருக்க வேண்டிய ஏற்பாடு.